ஞாயிறு பினாங்கு ஜோர்ஜ்டவுன் சாப்பாட்டு நடை

வணக்கம் நண்பர்களே. இந்த ஞாயிறு காலை 7.30க்குக் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசலில் கூடுவோம். பசியாற லிட்டில் இந்தியாவிலேயே தோசையும் தே தாரிக் எனும் ஆற்றிய பால் தேநீரும். எந்தக் கடை என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், கல் சூடாக இருந்தால் போதும்.

மதியம்தான் முக்கியம்: நாசி கண்டார். நம் தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் தோளில் தடி வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தெருத் தெருவாக விற்ற சாப்பாடு. ஒரே குழம்போடு நிறுத்தாதீர்கள். மீன், கோழி, கணவாய் எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். 'பஞ்சிர்' (மலாயில் 'வெள்ளம்') என்றால் சோறே மிதக்கும். கூடவே வெண்டைக்காய், அவித்த முட்டை. கறி எடுக்கும் முன்பே விலை கேட்டுவிடுங்கள், குறிப்பாகப் பெரிய இறாலுக்கு. (சைவக்காரர்களுக்குப் பினாங்கு ஸ்திரீட்டில் வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது, கவலை வேண்டாம்.)

வெயிலுக்குக் கெங் குவீ சந்தில் செண்டோல் (தேங்காய்ப்பாலும் பச்சை மாவு இழைகளும் சேர்த்த ஐஸ் இனிப்பு). நின்றபடியேதான் குடிக்க வேண்டியிருக்கும். ஐஸ் கரைவதற்குள் அடியில் இருக்கும் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லப் பாகைக் கலக்கிவிடுங்கள்.

கார் வேண்டாம், பார்க்கிங் கிடைக்காது. சில்லறையாக ரிங்கிட் கொண்டு வாருங்கள். வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள். பிள்ளைகளும் வரலாம்.