வரையாட்டுக்கு பிஸ்கட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வால்பாறைப் பயணக் கட்டுரை படித்தேன். எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்பதெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் நடுவில் அரைப் பக்கத்துக்கு ஒரு படம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு சிறுமி வரையாட்டுக்கு பிஸ்கட் நீட்டுகிறாள், கீழே 'மறக்க முடியாத தருணம்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்களும் டிசம்பர் விடுமுறையில் அங்கே போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், பையன்கள் இரண்டு பேர், மாமனார். ஆழியாரில் ஏற ஆரம்பித்தால் மொத்தம் 40 வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும், சின்னவன் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான். ஒன்பதில் ஏற்கெனவே ஐந்தாறு கார்கள் நின்றன. கீழே ஆழியார் அணை தட்டு மாதிரி தெரியும், அதைப் பார்க்க நிற்கிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் எல்லோரும் அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வரையாட்டுக்கு சிப்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒவ்வொரு காராகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தது. பேருந்து நிலையத்தில் முறுக்கு விற்கிறவர் ஜன்னல் ஜன்னலாக வருவாரே, அதேதான், இங்கே வருகிறவர் வாங்குகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டுக்காரரும் வண்டியை நிறுத்தினார், அதுவும் வளைவிலேயே. பெரியவன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கப் போனான். அதற்குள் மேலிருந்து இறங்கிய அரசுப் பேருந்து எங்களுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "வளைவுலயே நிறுத்துனா நான் எங்கங்க ஒடிக்கிறது?" என்று கேட்டார். அவ்வளவு நீளமான வண்டி அந்த வளைவில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். மாமனார் மட்டும் சிரித்தார். நாங்கள் வாயை மூடிக்கொண்டு கிளம்பினோம்.

வரை என்றால் மலை. பாறைச் சரிவில் நின்று புல் மேய்கிற ஆடு என்பதால்தான் அது வரையாடு, நம் மாநில விலங்கும் அதுதான். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தே 1,031தான் இருந்தன. ஒரு கல்யாண மண்டபத்தில் அதைவிட அதிகம் பேர் சாப்பிடுகிறோம். அந்த ஆட்டை உப்புக்கும் எண்ணெய்க்கும் பழக்கி, பாறையை விட்டுத் தார் ரோட்டுக்கு இறக்கி, வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கவைப்பது நாம்தான். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறதோ என்னவோ.

அதற்கு முந்தின நாள் ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்பில் பண்டாரவரை என்ற இடம் வரைக்கும் நடந்திருந்தோம். அரசின் மலையேற்றத் திட்டத்தில் (2024 அக்டோபரில் தொடங்கியது, 14 மாவட்டங்களில் 40 பாதைகள்) அதுவும் ஒன்று, இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கூட வந்த வழிகாட்டி அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பையன், இருபத்தைந்து வயதிருக்கும். மரத்தில் கரடி கீறிய தடம், யானை லத்தி பழசா புதுசா என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தான். காலில் ஏறிய அட்டைக்கு உப்புத் துணி கொடுத்தான். சின்னவன் அரை மணிக்கு ஒரு தடவை "புலி எப்போ வரும்?" என்று கேட்டான். புலி வரவில்லை. புல்வெளியை எட்டியதும் எதிர்ச் சரிவில் காட்டுமாடு ஏழு நின்றன, கட்டைவிரல் அளவுதான் தெரிந்தன. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம், பையன்கள் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. வீட்டில் அது நடந்து நான் பார்த்ததில்லை.

வால்பாறையில் மறுநாள் காரை எடுக்கவே இல்லை, சோலையாறு அணை வரை பேருந்தில்தான் போனோம். யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். பேருந்தில் இருக்கை உயரம், தேயிலைச் செடிக்கு மேலே பார்வை போகும், நினைத்த இடத்தில் நிறுத்தி சிப்ஸ் போடவும் முடியாது. போகிற வழியில் ஒரு இருவாச்சி தலைக்கு மேலே பறந்தது. பேருந்து நின்று ஆள் ஏறிக்கொண்டிருந்ததால் இறக்கைச் சத்தம்கூடக் கேட்டது, யாரோ பெரிய விசிறியால் வீசுகிற மாதிரி. புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் சாலையைக் கடக்க வசதியாக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். உங்கள் நிருபரும் அந்த வழியாகத்தான் போயிருப்பார். தங்கிய இடத்தில் ஒருவர் சொன்னார், பக்கத்தில் யானை வந்தால் ஆட்களை எச்சரிக்கச் சிவப்பு விளக்கு எரியும் என்று. இப்படி எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிற ஊருக்குத்தான் நாம் கையில் பொட்டலத்தோடு போகிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அச்சில் வந்ததை ஒன்றும் செய்ய முடியாது, சரி. இணையப் பதிப்பிலிருந்தாவது அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். கோடை விடுமுறைக்கு அந்தக் கட்டுரையைத் திரும்பப் போடுவீர்கள் என்று தெரியும், அப்போது வேறு படம் போடுங்கள். எங்களிடம் இருப்பது அந்த ஏழு காட்டுமாடுகள்தான், தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பரவாயில்லை என்றால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு