பெயர் கேட்க மறந்த அம்மையாருக்கு நன்றி

மோதல் நிலவும் பகுதிகளின் பதின்வயதினருக்காக 1993 முதல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கோடைக்கால முகாம் நடத்திவரும் 'சீட்ஸ் ஆஃப் பீஸ்' அமைப்புக்கு என் மகள் விண்ணப்பித்தபோது, நூலகத்தில் எதிர் இருக்கையில் அமர்ந்திருந்த தாங்கள் செய்த உதவிக்கு இந்தப் பதிவின் வழியாக நன்றி கூறுகிறேன்.

அவள் எழுதியிருந்த கட்டுரை முழுவதும் செய்தித்தாள்களின் சொற்களாகவே இருந்தது. எதிர்த்தரப்பின் தவறுகளை வரிசைப்படுத்துவதே நேர்மை என்று நானும் நம்பியிருந்தேன். தாங்களோ அதைப் பொறுமையாக இருமுறை படித்துவிட்டு, "நீ கண்ணால் கண்டதை மட்டும் எழுதம்மா, அந்தப் பக்கத்துப் பிள்ளையிடம் நீ உண்மையிலேயே கேட்க விரும்பும் ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்" என்றீர்கள். ஒரு சொல்லைக்கூடத் தாங்கள் எழுதித் தரவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

எதிரி என்று கேட்டு வளர்ந்தவர்களோடு ஒரே குடிலில் உறங்கி, ஒரே மேசையில் உண்டு, நெறியாளர் முன்னிலையில் நாள்தோறும் மனம்விட்டு உரையாட வேண்டிய அந்த முகாமுக்கு, மனப்பாடம் செய்த வாதங்களைவிட அத்தகைய கேள்வியே பொருத்தமானது என்று இப்போது உணர்கிறேன். "உன் அம்மாவும் நீ வீடு திரும்பும்வரை வாசலில் நிற்பாரா?" என்பதே அவள் எழுதிய கேள்வி. அதைப் படித்த அன்று என்னால் பேச இயலவில்லை.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம், முடிவு இன்னும் வரவில்லை. எதுவாயினும், அம்மையீர், தங்களுக்கு எங்கள் இருவரின் மனமார்ந்த நன்றி.