பில் ஸ்னைடரை எப்படி விட்டீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கோச்சுகளைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிக் சேபனின் ஏழு தேசியப் பட்டங்கள், கோச்சுகள் வாங்கும் சம்பளம், எல்லாம் சரி. கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் கோச்சாக இருந்த பில் ஸ்னைடர் பெயர் மட்டும் ஒரு வரியில்கூட இல்லை. தேசியப் பட்டம் வாங்காதவர் என்பதாலா? நான் தொண்ணூறுகளில் அதே பல்கலைக்கழகத்தில் தானிய அறிவியல் படித்தவன். ஊர் பெயர் மன்ஹாட்டன், ஆனால் நியூயார்க்கில் இருப்பது அல்ல, புல்வெளிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அதனால் எனக்குப் பாசம் கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

1988 கடைசியில் அவரைக் கோச்சாக எடுத்தபோது அந்த அணி தொடர்ந்து 27 ஆட்டங்களாக ஜெயிக்கவில்லை, அதில் 26 தோல்வி, ஒன்று டிரா. சீசன் முடிவில் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் பௌல் ஆட்டத்துக்கு அதன் சரித்திரத்திலேயே ஒரே ஒரு தடவைதான், 1982-இல், போயிருந்தது. அயோவாவில் பத்து வருடம் உதவிக் கோச்சாக இருந்த மனிதர் 49 வயதில் இங்கே வந்து, முதல் வருடம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தார், நார்த் டெக்ஸஸுக்கு எதிராக, அதுவும் ஆட்டத்தின் கடைசி நொடியில். அடுத்த வருடம் ஐந்து, அதற்கடுத்து ஏழு. 1993-இலிருந்து 2003 வரை வருடம் தவறாமல் பௌல் ஆட்டம்.

சோப்ளாங்கி அணிகளாகப் பார்த்து ஆட்டம் வைத்துக்கொண்டார் என்பது அவர் மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு. பொய் இல்லை. லீக்குக்கு வெளியே யாரோடு ஆடுவது என்பதைக் கல்லூரிகளே பேசி முடிவு செய்யலாம், அவர் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். ஜெயிப்பது எப்படி என்றே மறந்துபோன பையன்களுக்கு முதலில் வேறு என்ன செய்வது? ஆனால் அணி வலுவான பிறகும் அதையே தொடர்ந்தது எனக்கும் பிடிக்கவில்லை.

1998-ஐ நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. லீக் இறுதி ஆட்டத்துக்குப் போகும்வரை 11 ஆட்டத்திலும் வெற்றி, முப்பது வருடமாக ஜெயிக்கவே முடியாத நெப்ராஸ்காவையும் சேர்த்து. இறுதி ஆட்டத்தில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்முக்கு எதிராக கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 27-12 என்று முன்னிலை, அப்புறம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 36-33 என்று தோல்வி. தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்தும் பெரிய பௌல் எதற்கும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் மூன்றாம் இடத்து அணியை ஒதுக்கக்கூடாது என்று விதியே போட்டார்கள்.

அவரிடம் உதவிக் கோச்சாக இருந்த பாப் ஸ்டூப்ஸ் பிற்பாடு ஓக்லஹோமாவுக்குப் போய் 2000-இல் தேசியப் பட்டமே வாங்கினார். 2003 லீக் இறுதி ஆட்டத்துக்கு நம்பர் ஒன் அணியாக வந்த அதே ஸ்டூப்ஸின் ஓக்லஹோமாவை 35-7 என்று வீட்டுக்கு அனுப்பியது யார்? ஸ்னைடர்தான். சிஷ்யன் என்றெல்லாம் தயவு பார்க்கவில்லை.

2005-இல் ஓய்வு பெற்றார், மைதானத்துக்கு அவர் குடும்பத்தின் பெயரை வைத்தார்கள். அணி மறுபடி சரியவும், 69 வயதில் அதே மைதானத்துக்கே வேலைக்குத் திரும்பி வந்து, 2012-இல் லீக் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார். 2018-இல் 79 வயதில் விடைபெற்றபோது கணக்கு 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு டிரா.

எதிரணிப் பையன் நன்றாக ஆடினாலோ அடிபட்டாலோ தன் கையால் கடிதம் எழுதி அனுப்புகிற பழக்கமும் அவருக்கு உண்டு, பல்கலைக்கழகத்தின் நிறமான ஊதா மையில். கட்டுரைக்கு இரண்டாம் பகுதி உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். அதிலாவது அவருக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய கான்சஸ் ஸ்டேட் மாணவன்,
கோயம்புத்தூர்