அந்த 7 மாதத்துக்கு எத்தனை கடிதம்?

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் கிரெடென்ஷியலிங் பிரிவினருக்கு (மருத்துவர்களின் தகுதியைச் சரிபார்த்து நெட்வொர்க்கில் சேர்ப்பவர்களுக்கு),

வணக்கம். வழக்கமாக ரெஃபரன்ஸ் எண்ணைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன். நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுவதால் இம்முறை அதை விட்டுவிடுகிறேன். உங்கள் போர்ட்டலில் 150 நாளாகப் 'பரிசீலனையில்' கிடக்கும் மனநல மருத்துவர் என்றால் தெரியும்.

நேற்று உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் பணி வரலாற்றில் 7 மாத இடைவெளி இருக்கிறதாம், விளக்கம் வேண்டுமாம். இது மூன்றாவது முறை.

கடைசி 5 ஆண்டுப் பணியைப் பார்ப்பீர்கள், 6 மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் காரணம் கேட்பீர்கள். அந்த விதியில் எனக்குக் குறையில்லை. போலி ஆள் உள்ளே வந்துவிடக் கூடாது. முதல் முறை போனில் கேட்டார்கள். அப்பாவுக்குப் புற்றுநோய், கடைசி நாட்களில் கூட இருந்தேன் என்றேன். குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். ஐந்து வாரம் கழித்து எழுத்தில் கேட்டீர்கள். 'தந்தையைப் பார்த்துக்கொள்ள விடுப்பில் இருந்தேன், அவர் காலமான பின் பணிக்குத் திரும்பினேன்.' அவ்வளவுதான் கடிதம். அதை எழுத எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. ஃபேக்ஸில்தான் வர வேண்டும் என்றீர்கள், அப்படியே அனுப்பினேன். அந்தத் தாள் உங்களில் யார் மேஜையிலாவது இருக்கும். தயவுசெய்து தேடிப் பாருங்கள். உங்களுக்காக அப்பாவை இன்னொரு முறை சாகடிக்க என்னால் முடியாது.

இதற்கிடையில் மால்ப்ராக்டிஸ் (சிகிச்சைத் தவறுக்கான) காப்பீட்டுச் சான்றிதழ் காலாவதியாகிப் புதியது அனுப்பினேன். நீங்கள் எங்கள் விவரங்களை எடுத்துப் பார்க்கும் பொதுத் தளமான சி.ஏ.கியூ.எச்.-இல் அவற்றை 120 நாளுக்கு ஒரு முறை உறுதிப்படுத்த வேண்டுமே, அதுவும் காத்திருந்த காலத்திலேயே வந்து போனது. நீங்கள் தாமதிக்கத் தாமதிக்க என் காகிதங்கள் பழசாகின்றன. பழசானதால் மறுபடி தாமதம்.

நான் கேட்பது ஒன்றுதான். விண்ணப்பம் உங்களிடம் முழுமையாக வந்து சேர்ந்த நாளையே நான் நெட்வொர்க்கில் சேர்ந்த தேதியாக வையுங்கள். கமிட்டி கூடிக் கையெழுத்துப் போடும் நாளிலிருந்துதான் என்றால், அதுவரை உங்கள் உறுப்பினர்களைப் பார்த்ததற்கெல்லாம் கிளெய்ம் பணமில்லாமல் திரும்பி வரும். அதற்குப் பயந்துதான் அவர்களுக்கு நேரம் கொடுக்காமல் இருக்கிறோம். இத்தனைக்கும் உங்களுக்கு விண்ணப்பித்த அதே வாரம், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கும் விண்ணப்பித்தேன். அரசாங்க ஆபீஸ் என்று நாமெல்லாம் கேலி பேசுகிற இடம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த தேதியைத்தான் அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள், அதற்கு முந்தைய 30 நாள் வரைக்கும் பில் போட வழியும் வைத்திருக்கிறார்கள்.

நெட்வொர்க் மருத்துவர்களைப் பட்டியலிடும் உங்கள் டைரக்டரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் அறையில் எனக்கு முன் இருந்த மருத்துவர் ஓய்வுபெற்று மூன்று ஆண்டாகிறது. உங்கள் பட்டியலில் அவர் இன்றைக்கும் புதிய நோயாளிகளை ஏற்றுக்கொண்டிருக்கிறார்! அதை நம்பித்தான் போன் வருகிறது. போன வாரம் ஓர் அம்மா, மகன் பத்து நாளாகத் தூங்கவில்லை என்று அழைத்தார். அந்த டாக்டர் இப்போது இல்லை, இருக்கிற டாக்டர் உங்கள் நெட்வொர்க்கில் இல்லை என்று எங்கள் ரிசப்ஷனில் சொல்ல வேண்டியிருந்தது. அறைக்குள் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். டைரக்டரியை 90 நாளுக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்று 2022 முதல் அமெரிக்கச் சட்டமே இருக்கிறது. உங்கள் இடைவெளிக்கு யாரிடம் விளக்கக் கடிதம் கேட்பது?

மன்னிக்கவும், கோபம் மிஞ்சிவிட்டது. உங்கள் மேஜையில் எத்தனை கோப்பு குவிந்திருக்கும் என்று எனக்கும் புரிகிறது. குறைகிற ஆவணங்களை ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் முழுமையான நாளிலிருந்து என்னை நெட்வொர்க்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்.

அந்தக் கடிதத்தின் நகலை இத்துடன் மறுபடியும் இணைத்திருக்கிறேன். கிடைத்தது என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் 'பரிசீலனையில்' இருக்கும் ஒரு மருத்துவர்