குஸ்கோவின் சுவர் யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பெரு பயணக் கட்டுரையை ஆசையாகத்தான் படித்தேன். ஆனால் குஸ்கோ நகரின் சான்டோ டொமிங்கோ தேவாலயப் படத்துக்குக் கீழே 'ஸ்பானியக் கட்டடக்கலையின் அழகு' என்று மட்டும் போட்டிருந்தது மனதை உறுத்திவிட்டது. அந்தப் படத்தை இன்னொரு தரம் பாருங்கள். கீழே வளைந்து நிற்கிறதே கருஞ்சாம்பல் சுவர், அது ஸ்பானியர்கள் வருமுன் அந்த மண்ணை ஆண்ட இன்காக்களின் சூரியக் கோயில், கோரிகாஞ்சா. அதன் சுவர்களில் இருந்த பொன் தகடுகளை ஸ்பானியர்கள் 1533-இல் பெயர்த்துக்கொண்டு போனார்கள், அப்புறம் கோயிலின் மேலேயே தங்கள் மடத்தையும் தேவாலயத்தையும் எழுப்பினார்கள். 1950-இல் நிலநடுக்கம் வந்தபோது மேலே கட்டியது பலமாகச் சேதமடைந்தது. சாந்தே இல்லாமல் கல்லோடு கல்லை இழைத்துப் பொருத்தி, உள்பக்கமாக லேசாகச் சாய்த்துக் கட்டிய பழைய சுவர் அசையவில்லை, அதுவரை மறைந்திருந்த சுவர்கள்கூட அப்போது வெளியே தெரிந்தன. இதை எழுதாமல் அந்தக் கட்டடத்தைப் பற்றி என்ன எழுதுவது?

ஓவியமும் அப்படித்தான். அதே ஊரில் இருக்கும் இன்னொரு தேவாலயமான கதீட்ரலுக்குக் கல் வந்ததே மலைமேல் இருக்கும் இன்காக்களின் சாக்சாய்வாமன் கோட்டையைப் பிரித்துத்தான். அந்தக் கதீட்ரலுக்குள் பூர்வகுடி ஓவியர் மார்கோஸ் சபாடா வரைந்த இறுதி இராவுணவு ஓவியம் இருக்கிறது. இயேசுவின் முன்னால் தட்டில் கிடப்பது கூய், அதாவது கினிப் பன்றி, இன்றைக்கும் ஆண்டிஸ் மலை ஊர்களில் விருந்தென்றால் சமைப்பது. 17-ஆம் நூற்றாண்டின் டியேகோ கிஸ்பே டிட்டோவும் அந்த மண்ணின் ஓவியர்தான். ஸ்பானிய ஓவியர்களோடு ஒத்துப்போகாமல், பூர்வகுடி ஓவியர்கள் 1688-இல் இரு தரப்பும் சேர்ந்திருந்த ஓவியர் சங்கத்தைவிட்டே பிரிந்தார்கள். இதையெல்லாம் 'ஸ்பானியக் காலக் கலை' என்று ஒரே வார்த்தையில் முடித்தால், வரைந்த கைகள் எங்கே போயின?

தேவாலயத்தை இடிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இன்று குஸ்கோவின் தேவாலயங்களில் முழங்காலிடுபவர்களில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான கெச்சுவா மக்கள் ஏராளம், அது அவர்கள் சொத்தும்கூட. அதே ஊர், ஸ்பானியர்கள் தடைசெய்த இன்டி ராய்மி என்ற சூரியத் திருவிழாவை 1944-இல் மீட்டெடுத்தது. ஆண்டுதோறும் ஜூன் 24 அன்று அது தொடங்குவது எங்கே தெரியுமா, கோரிகாஞ்சாவில்தான்.

அடுத்த வாரம் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: 'கீழே இன்கா சூரியக் கோயில் கோரிகாஞ்சா, அதன் மேல் சான்டோ டொமிங்கோ.' கோயிலின் பெயர் முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி