எந்தப் பிரதி என்றும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் 'அவசியம் பார்க்க வேண்டிய பழைய படங்கள்' என்று வாசகர்கள் எழுதும் பகுதியை விடாமல் படித்து வருகிறேன். 'அந்த நாள்', 'உதிரிப்பூக்கள்', 'அவள் அப்படித்தான்', 'வீடு' எல்லாம் வந்துவிட்டன. 'அன்பே சிவம்' மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. 2003 பொங்கலுக்கு அது வெளியானபோது இந்த அன்பில் கொஞ்சம் டிக்கெட் கவுண்டர் பக்கம் வந்திருக்கலாம். போகட்டும், தேர்வுகளில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. எழுதுகிறவர்களில் ஒருவர்கூடத் தாம் பார்த்தது எந்தப் பிரதி, படம் முழுசாக இருந்ததா என்று சொல்வதில்லை. என் குறை அதுதான்.

நான் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். படப்பெட்டி எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது அது ஏற்கெனவே பல ஊர் சுற்றியிருக்கும். ஒவ்வொரு ரீலிலும் முதலில் அடிபடுவது தொடக்கமும் முடிவும்தான். மெஷினில் மாட்டும்போதும் கழற்றும்போதும் கை படுகிற இடம், தரையில் உரசுகிற இடம் எல்லாம் அவைதான். அறுந்தால் ஒட்டுவோம். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில பிரேம்கள் போகும். பத்து ஊர் ஒட்டிய பிறகு அங்கே இருந்த ஒரு வசனமே இருக்காது. இது போதாதென்று, கடைசி பஸ்ஸுக்கு ஜனங்களை அனுப்ப செகண்ட் ஷோவில் ஒரு பாட்டை விட்டுவிட்டு ஓட்டும் வழக்கமும் தொழிலில் உண்டு. இப்படி ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்துதான் பல படங்கள் வீடியோவுக்கு ஏறின. இன்று போனில் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அதன் பேரன் பேத்திகள்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வாசகர் 'அவள் அப்படித்தான்' பற்றி எழுதும்போது, பேச்சு பாதியில் அறுந்து அடுத்த காட்சிக்குத் தாவுவதை நவீன உத்தி என்று பாராட்டியிருந்தார். ருத்ரய்யா துணிச்சல்காரர்தான். 1978 தீபாவளிக்கு, ஊரே கலரில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கறுப்பு வெள்ளையில் அப்படி ஒரு படம் கொடுத்தவர். அதன் படத்தொகுப்பிலும் நிஜமாகவே சில தாவல்கள் உண்டு. ஆனால் எல்லாத் தாவலும் அவருடையது என்று எப்படித் தெரியும்? கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி மின்னி மறையும். சில வினாடி கழித்து இன்னொரு முறை மின்னும். ஒரு ரீல் முடியப்போகிறது, அடுத்த ரீல் மாட்டியிருக்கும் மெஷினுக்கு மாற்று என்று ஆபரேட்டருக்கு வைத்த அடையாளம் அது. புள்ளியை ஒட்டித் தாவினால் அது இயக்குநரின் உத்தி இல்லை, எங்களைப் போன்றவர்களின் ஒட்டு. புள்ளியே காணோம், ஆனால் பத்து நிமிடத்துக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு முறை தாவுகிறது என்றால் புள்ளி இருந்த பகுதியே போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொரு கணக்கும் உண்டு. படத்தின் தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழை யாரும் படிப்பதில்லை. அதில் படத்தின் நீளம் இருக்கும், பழைய படங்களில் அடியில், பிறகு வந்தவற்றில் மீட்டரில். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், மீட்டரில் சொன்னால் சுமார் 27.4. சான்றிதழில் 14,400 அடி என்றிருந்தால் படம் 160 நிமிடம் ஓட வேண்டும். உங்கள் கையில் இருப்பது 135 நிமிடம்தான் என்றால் கிட்டத்தட்ட அரை மணி நேரத்தை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள். ஒரு எச்சரிக்கை: டிவிக்காக மாற்றும்போது வினாடிக்கு 24 பிரேமை 25 ஆக ஓட்டுவதுண்டு. அதனால் மட்டும் 160 நிமிடப் படத்தில் ஆறு நிமிடம் குறையும். பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறும். அதை வெட்டு என்று நினைத்து யாரையும் திட்ட வேண்டாம்.

சரி, ஒரு படத்தைச் சொல்கிறேன். வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கிய படங்களில் எல்லாரும் 'அந்த நாள்' (1954) பற்றியே எழுதுகிறார்கள். பாட்டே இல்லை, முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார், உண்மைதான். (சுட்டது யார் என்று சென்ற வாரக் கடிதத்தில் ஒருவர் போட்டு உடைத்திருந்தார். அதைப் பரிந்துரை என்று சொல்ல முடியாது.) பாலச்சந்தரே 1964இல் எடுத்த 'பொம்மை'யை யாரும் சொல்லவில்லை. வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை கை மாறிக்கொண்டே போகும் கதை. யேசுதாஸின் ஆரம்ப காலத் தமிழ்ப் பாட்டு 'நீயும் பொம்மை நானும் பொம்மை' அதில்தான். கதை முடிந்த பிறகு பாலச்சந்தர் தன் படத்தில் வேலை செய்தவர்களைத் திரையிலேயே நமக்கு அறிமுகம் செய்து வைப்பார். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களின் முகத்தை எந்தப் படம் காட்டியது அந்தக் காலத்தில்? ஒரு டிவியில் இந்தப் படம் வந்தபோது பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காத்திருந்தேன். கதை முடிந்ததும் விளம்பரம், அப்புறம் அடுத்த நிகழ்ச்சி. அவன் பார்த்ததும் 'பொம்மை'தான், நான் சொன்னதும் 'பொம்மை'தான்.

படச்சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரமானவை. அகலமான டிவியை நிரப்ப மேலும் கீழும் நறுக்கினால் நெற்றியும் கையும் போகும். பக்கவாட்டில் இழுத்தால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால், அதுதான் சரியான பிரதி என்று சந்தோஷப்படுங்கள். டிவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

பாலு மகேந்திரா தன் படங்கள் சிலவற்றின் நெகட்டிவ் அழிந்துபோனதைப் பலமுறை வருத்தத்தோடு பேசியிருக்கிறார். 1988இல் வெளியாகித் தேசிய விருது வாங்கிய 'வீடு' போன்ற படத்தை எடுத்தவர் நிலைமையே அப்படி. எனவே நல்ல பிரதி கிடைக்கும் இடத்தைத் தெரிந்தவர்கள் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

ஆசிரியரிடம் கேட்பது இதுதான். வாசகர் பரிந்துரைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள்: சான்றிதழில் உள்ள நீளம், எழுதியவர் பார்த்த பிரதி ஓடிய நேரம், அதை எங்கே பார்த்தார். அடுத்த பட்டியலுக்கு என் பங்காக அதே பாலச்சந்தரின் 'நடு இரவில்' (1970) படத்தை அனுப்புகிறேன். ஒரு பெரிய வீடு, நிறையச் சொந்தக்காரர்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். முழு நீளப் பிரதி யாரிடமாவது இருந்தால் இந்தப் பகுதியிலேயே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
அறந்தாங்கி.