டிரம்மைப் பார்த்தவர்கள் முறத்தைப் பார்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்குக் கொசு ஒழிப்பு ஆட்கள் தவறாமல் வருகிறார்கள். தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கி டார்ச் அடிப்பார்கள், கொட்டாங்குச்சியைக் கவிழ்ப்பார்கள், சுவரில் இருக்கும் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த டிரம்முக்குப் போக, முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் என் அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா காலை மடக்கி வழி விடுவார். முறத்தை யாரும் பார்ப்பதில்லை.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்த மே மாதத்திலும் எங்கள் வீட்டில் பகலில் ஃபேன் ஓடாது. ஓடினால் புகையிலைத் தூள் பறக்கும். ஏஜென்ட் கொடுத்த தூளில் குறைந்ததற்கு அம்மாதான் கைக்காசு போட்டு ஈடுகட்ட வேண்டும். பத்துக்குப் பத்து அறை, ஈரச் சாக்கில் இலை, பக்கத்தில் ஏணையில் அக்கா குழந்தை. சின்ன வயதில் அம்மா பிசைந்து ஊட்டிய சோறு கசக்கும். ரசம்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்.

இப்போது அம்மாவுக்கு விடாத இருமல். ஆஸ்பத்திரியில் "வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்தது. சீட்டில் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1948 தொழிற்சாலைச் சட்டம் ஒரு இடத்துக்குப் பொருந்த, மின்சாரத்தில் வேலை நடந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 20, 40 ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் பீடி சுற்றுவது இரண்டே பேர்! பீடிக்கென்று 1966இல் வந்த தனிச்சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றது, சரி. ஆனால் அதில் இருந்த சுத்தம், காற்றோட்ட விதிகள் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. ஆம்பூர் பக்கம் வீட்டில் ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்களின் கதையும் இதேதான்.

இதைப் பேசினால் அம்மாவே, "ஆபீசர் வந்தா ஏஜென்ட் இலைய வேற ஊருக்குக் குடுத்துடுவான், வாய வெச்சிக்கினு சும்மா இரு" என்கிறார். நியாயமான பயம். அதனால் வீட்டுக்கு அபராதம் போடும் ஆய்வைக் கேட்கவில்லை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் நோட்டில் என்ன வேலை, யார் கொடுக்கும் வேலை என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளட்டும். பீடி சுற்றுபவர்களுக்கு வருடம் ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனை செய்யட்டும். அப்புறம், மூக்குக்கு மாஸ்க், தூள் பறக்காத மாதிரி ஒரு தட்டு. அந்தச் செலவை இலை கொடுக்கிற கம்பெனி ஏற்க வேண்டும். கூலியில் பிடிக்கக் கூடாது.

– ஒரு வாசகர், குடியாத்தம்